இனிப்புநீரும் இருதயச் சிகிச்சையும்: ஆயுளைக் காக்கும் வழி எது?

பொழுது புலருமுன் பால்மர நிரைகளில் வேலையைத் தொடங்கும் நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில், இனிப்புநீர் எனப்படும் நீரிழிவு நோய் எட்டிப் பாராத வீட்டைக் காண்பது இன்று அரிதாகி வருகிறது. அந்நோய் நெடுநாள் உடலில் தங்கினால் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும் என்பதைப் பலரும் அறிவர். ஆனால், இனிப்புநீர் உள்ளவர்களின் உயிரை மிகுதியும் கவர்ந்து செல்வது இருதய நோயே என்பதை அறிந்தவர் சிலரே. இருதயத்தின் இரத்தக் குழாய்கள் அடைபட்டால் எந்தச் சிகிச்சையை ஏற்பது, ஏற்றபின் எவ்வாறு வாழ்வது என்பனவற்றை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

2019-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே மட்டும் அத்தொகை நூற்றுக்கு 31 ஆகும். 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் பொதுத்தொகை நூற்றுக்கு 15.6 எனச் சற்றுக் குறைந்து காணப்பட்டது. ஆயினும், நோயுள்ளவர்களுள் ஐவரில் இருவர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. எனவே, இப்பாடம் நமக்கு வேண்டாதது என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது.

ஒரு தொழிலாளரின் கேள்வி

ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அவர் செபராங் பிறையில் உள்ள ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டி வருபவர். வயது ஐம்பத்து நான்கு. பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்புநீருக்கு மாத்திரை உண்டு வருகிறார். சில மாதங்களாக மேட்டு நிரையில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது. மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் என்னும் படம் எடுத்துப் பார்த்ததில், இருதயத்தின் மூன்று பெரிய குழாய்களிலும் அடைப்பு இருப்பது தெரிகிறது. மருத்துவர் பைபாஸ் அறுவையே நல்லது என்கிறார். தொழிலாளரோ, “ஐயா, நெஞ்சைப் பிளக்க வேண்டா. பக்கத்து லயத்து அண்ணனுக்குக் கை வழியாக ஸ்டென்ட் வைத்து இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அதையே செய்துவிடுங்கள்” என்று கைகூப்புகிறார்.

அவருடைய அச்சம் இயற்கையானதே. ஆனால், அண்ணனுக்குப் பொருந்திய சிகிச்சை தம்பிக்கும் பொருந்துமா? அண்ணனுக்கு ஒரே குழாயில் அடைப்பு, இனிப்புநீரும் இல்லை. தம்பிக்கோ மூன்று குழாய்களில் அடைப்பு, இனிப்புநீரும் உண்டு. இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடைய வேறுபாடு என்பதை மருத்துவ உலகம் நெடிய ஆராய்ச்சிகளின் மூலம் கண்டறிந்துள்ளது.

அடைப்பு உண்டாகும் விதம்

நம் கைமுட்டியளவே உள்ள இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் அவ்வுறுப்புக்கும் இரத்தம் வேண்டும். அதனை இருதயத்தின் மேற்பரப்பில் ஓடும் மூன்று முக்கியக் குழாய்கள் கொண்டு சேர்க்கின்றன. ஆண்டுக் கணக்கில் கொழுப்புப் படிந்து இக்குழாய்கள் குறுகும்போது, மேடேறுகையில் மூச்சிரைப்பும் நெஞ்சில் இறுக்கமும் தோன்றுகின்றன. படிந்த கொழுப்பு திடீரென வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை முற்றாக அடைத்துவிட்டால், அதுவே மாரடைப்பு.

மரத்தின் வெட்டுக்கோட்டில் வழியும் பால், சில மணி நேரத்தில் தானே நின்றுவிடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பட்டையிலுள்ள நுண்குழல்களின் வாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்வதே அதற்குக் காரணம். மரத்திற்கு அது காவல். நம் கையில் உளி பட்டால் இரத்தம் உறைந்து காயத்தை மூடுவதும் அத்தகைய காவலே. அதே உறைதல் இருதயக் குழாயினுள் நிகழும்போது காவலே எமனாகிவிடுகிறது.

இனிப்புநீர் இந்தக் கேட்டை மூன்று வழிகளில் பெருக்குகிறது. முதலாவதாக, இரத்தத்தில் மிகுந்துள்ள சர்க்கரை குழாயின் உட்சுவரை நாளடைவில் புண்படுத்துகிறது. அதனால் கொழுப்பு ஓரிடத்தில் மட்டுமன்றி, குழாயின் நீளம் நெடுகிலும் பல இடங்களில் படிகிறது. இரண்டாவதாக, இரத்தம் எளிதில் உறையும் தன்மையை அடைகிறது. மூன்றாவதாக, நரம்புகள் மரத்துப்போவதால் சிலருக்கு நெஞ்சுவலியே தோன்றுவதில்லை. காரணமற்ற களைப்பு, மூச்சிரைப்பு, வியர்வை, குமட்டல் ஆகியவற்றோடு மாரடைப்பு வந்துவிடக்கூடும். ‘வலி இல்லை, ஆகவே நோய் இல்லை’ என்று இனிப்புநீர் உள்ளவர் எண்ணுவது பெருந்தவறு.

மூவகைச் சிகிச்சைகள்

முதல் வகை மருந்து. எந்தச் சிகிச்சையை ஏற்றாலும் மருந்து தொடர்ந்தே ஆகவேண்டும்.

இரண்டாம் வகை பலூன் சிகிச்சை. கை அல்லது தொடையின் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி, அடைப்புள்ள இடத்தில் சிறு பலூனை ஊதி விரித்து வழியைத் திறக்கிறார்கள். மீண்டும் சுருங்காதபடி ஸ்டென்ட் என்னும் நுண்ணிய கம்பிவலைக் குழலை அங்கே பதிக்கிறார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வகை பைபாஸ் அறுவை. நெஞ்சைத் திறந்து, காலிலிருந்தோ நெஞ்சின் உட்சுவரிலிருந்தோ எடுத்த குழாயை, அடைப்பைத் தாண்டிய இடத்தில் இணைத்து, இரத்தத்திற்கு மாற்றுவழி அமைக்கிறார்கள்.

இவையனைத்தும் அண்மைக் கால அரும்பேறுகளே. பைபாஸ் அறுவையை 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் செய்து உலகெங்கும் பரவச் செய்தவர், அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் ரெனே ஃபவலோரோ ஆவார். பினாங்கில் பிறந்து நாடு போற்றிய கலைஞர் பி. ரம்லி, 1973-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 44. அன்று பலூன் சிகிச்சை உலகில் எங்கும் இல்லை. 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்பவர் மனித இருதயக் குழாயில் முதன்முதலாகப் பலூனை விரித்தார். 1986-இல் பிரான்சு நாட்டில் முதல் ஸ்டென்ட் பதிக்கப்பட்டது. நம் நாட்டில் 1992-இல் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் தோன்றியது. இன்று ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்குப் பொது மருத்துவமனையிலேயே இருதயப் பிரிவும் நெஞ்சறுவைப் பிரிவும் இயங்குகின்றன. பாலங்களையோ ஃபெரியையோ கடந்தால் போதும்; தலைநகருக்குச் செல்லாமலே சிகிச்சை பெற முடியும்.

ஆராய்ச்சிகள் உரைப்பது என்ன?

1988-ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் ‘பாரி’ எனப்படும் பெரிய ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. பல குழாய்களில் அடைப்பு உள்ள 1,829 பேரைச் சேர்த்து, சீட்டுப் போட்டாற்போல் ஒரு பகுதியினருக்குப் பலூன் சிகிச்சையும் மறுபகுதியினருக்குப் பைபாஸ் அறுவையும் அளித்தனர். ஐந்தாண்டுகளுக்குப் பின், இனிப்புநீர் இல்லாதவர்களிடையே இரு சிகிச்சைகளும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. நூற்றுக்கு 91 பேர் இரு பகுதியிலும் உயிரோடிருந்தனர்.

ஆனால், இனிப்புநீருக்கு மருந்து உட்கொண்டு வந்தவர்களின் கதை வேறாக இருந்தது. அவர்களுள் பைபாஸ் அறுவை பெற்றோரில் நூற்றுக்கு 80.6 பேரும், பலூன் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 65.5 பேருமே ஐந்தாண்டு முடிவில் உயிரோடிருந்தனர். வேறு வகையிற் சொன்னால், பலூன் பெற்ற நூறு பேரில் பதினைவர் கூடுதலாக இறந்திருந்தனர். இதனைக் கண்ட அமெரிக்க அரசின் இருதய ஆய்வு நிலையம், 1995-ஆம் ஆண்டு செப்டம்பரில் மருத்துவர்களுக்கு அவசர அறிவிப்பு ஒன்றை விடுத்தது.

‘பாரி’ ஆராய்ச்சியில் நோயாளிகளைச் சேர்த்த காலத்தில் ஸ்டென்ட் பரவலாகவில்லை. பிற்காலத்தில் மருந்து பூசிய நவீன ஸ்டென்ட்டுகள் வந்தன. இவை அக்குறையைத் தீர்த்துவிடும் என்று பலர் நம்பினர். அந்நம்பிக்கையைச் சோதிக்க, இனிப்புநீரும் பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேரைக் கொண்டு ‘ஃப்ரீடம்’ என்னும் ஆராய்ச்சி நடத்தப்பட்டது. அதன் முடிவு 2012-இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளில் ஸ்டென்ட் பெற்றவர்களில் நூற்றுக்கு 16.3 பேரும், பைபாஸ் பெற்றவர்களில் நூற்றுக்கு 10.9 பேரும் இறந்தனர். மாரடைப்பு முறையே 13.9, 6.0 என இருந்தது. பைபாஸ் பெற்றோருக்கு மாரடைப்பு பாதிக்கும் கீழே குறைந்தது.

ஆயினும், உண்மையை முழுமையாகச் சொல்வதே முறை. மூளைத் தாக்கம் எனப்படும் பக்கவாத நோய், ஸ்டென்ட் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.4 ஆகவும், பைபாஸ் பெற்றவர்களில் 5.2 ஆகவும் இருந்தது. அறுவைக்கும் ஒரு விலை உண்டு என்பதை இது காட்டுகிறது.

மற்றோர் ஆராய்ச்சியையும் நாம் மறக்கலாகாது. 2009-இல் வெளிவந்த ‘பாரி 2டி’ என்னும் அது, இனிப்புநீரோடு நிலையான இருதய நோயும் உள்ள 2,368 பேரை ஆராய்ந்தது. உடனே பலூன் அல்லது பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு 88.3 பேரும், முதலில் நல்ல மருந்துச் சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் 87.8 பேரும் உயிரோடிருந்தனர். ஆகவே, நோய் கடுமையாக இல்லாதபோது, ஒழுங்காக உண்ணும் மருந்து எளிய பொருளன்று என்பது தெளிவு.

இந்த வேறுபாடு ஏன்?

தோட்டத்துச் செம்மண் சாலையை எண்ணிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் மண் சரிந்திருந்தால், அதனை அகற்றிவிட்டு லாரி ஓட்டலாம். சாலை நெடுகிலும் மேட்டு மண் தளர்ந்திருந்தால்? இன்று ஓரிடத்தைச் சீர்செய்தால், அடுத்த மழையில் நாலடி தள்ளி வேறோரிடம் சரியும். அந்நிலையில் சரிவுகளையெல்லாம் தாண்டிச் செல்லும் மாற்றுச்சாலை போடுவதே அறிவுடைமை.

ஸ்டென்ட், பதித்த இடத்தை மட்டும் திறந்து வைக்கிறது. இனிப்புநீர் உள்ளவருக்கு அதன் முன்னும் பின்னும் புதிய அடைப்புகள் தோன்றுகின்றன. பைபாஸ் குழாயோ, இன்றுள்ள அடைப்பை மட்டுமன்றி, அதே பகுதியில் நாளை தோன்றக்கூடிய அடைப்பையும் தாண்டிச் செல்கிறது. அதிலும், நெஞ்சின் உட்சுவரிலுள்ள தமனியை இணைத்தால் அது பல்லாண்டுகள் அடைபடாமல் உழைக்கிறது. ‘பாரி’ ஆராய்ச்சியிலும் பெரும்பயன் அடைந்தவர்கள் அத்தமனி இணைக்கப்பட்டவர்களே.

எல்லாருக்கும் அறுவையா?

இல்லை. மாரடைப்பு தாக்கிய வேளையில் நிமிடங்களே உயிர். அப்போது உறைகட்டியைக் கரைக்கும் ஊசியோ பலூன் சிகிச்சையோ எது விரைவில் கிடைக்கிறதோ அதனை மருத்துவர் அளிப்பார். அந்நேரத்தில், ‘பைபாஸ்தான் நல்லதென்று படித்தேன்’ என்று தயங்கி நிற்கலாகாது. நெஞ்சில் இறுக்கமோ திடீர் மூச்சிரைப்போ கண்டவுடன் 999 எண்ணை அழைக்க வேண்டும்.

ஒரே குழாயில் மட்டும் அடைப்பு உள்ளவர்களுக்கு ஸ்டென்ட் போதுமானதாக இருக்கலாம். நுரையீரலோ சிறுநீரகமோ மிகவும் நலிந்தவர்களுக்கும், முன்னரே பக்கவாதம் கண்டவர்களுக்கும் அறுவை பொருந்தாமற் போகலாம். இவற்றையெல்லாம் இருதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கூடி ஆராய்ந்தே அறிவுரை வழங்குகின்றனர். நாம் செய்ய வேண்டுவது, அஞ்சி ஓடாமல், வீட்டாரையும் உடன் அழைத்துச் சென்று மூன்று கேள்விகளைக் கேட்பதே. எனக்கு எத்தனை குழாய்களில் அடைப்பு உள்ளது? என் உடல்நிலைக்கு எச்சிகிச்சை நீண்ட ஆயுளைத் தரும்? அதனை ஏற்காவிட்டால் என்ன நேரும்?

சிகிச்சைக்குப் பின்

சிகிச்சை முடிந்ததும் நோய் தீர்ந்தது என்று பலர் மகிழ்கின்றனர். குழாய் திறக்கப்பட்டதே தவிர, இனிப்புநீர் அப்படியே இருக்கிறது. பழைய குழாயை அடைத்த அதே கேடு புதிய குழாயையும் அடைக்கும். ஆதலால் பின்வருவனவற்றை நாம் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: ஸ்டென்ட் பதித்தவர்களுக்கு இரத்தம் உறையாதிருக்க, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இருவகை மாத்திரைகள் தரப்படுகின்றன. மருத்துவரைக் கேளாமல் அவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைபட்டு உயிருக்கே இறுதியாகலாம். நாட்டு மருந்தை நம்பியோ, பல் பிடுங்குவதற்காகவோ நாமாக நிறுத்தலாகாது.

இரண்டு: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். பலருக்கு அது நூற்றுக்கு 7-ஐ ஒட்டியிருப்பது நல்லது. முதியோருக்குரிய அளவை மருத்துவர் குறித்துத் தருவார். இரத்த அழுத்தமும் கொழுப்பும் இதே அளவுக்கு முக்கியமானவை. கெட்ட கொழுப்பு 1.8 மில்லிமோலுக்குக் கீழே இருத்தல் வேண்டும். 1.4-க்குக் கீழே குறைப்பதே மேல் என்று புதிய வழிகாட்டிகள் கூறுகின்றன.

மூன்று: இனிப்புநீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு விடியற்காலையில் மரம் வெட்டச் செல்வது ஆபத்து. சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, நடுக்கமும் வியர்வையும் கண்டு மயக்கம் வரலாம். சிறிதேனும் உண்டுவிட்டுப் புறப்பட வேண்டும். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். ஆனால் அதனைக் காரணமாக்கி, டின் பால் கலந்த தேநீரை நாலு வேளை அருந்துவது முறையாகாது.

நான்கு: பைபாஸ் அறுவைக்குப் பின் நெஞ்செலும்பு கூடுவதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை பால் வாளி சுமப்பதும் விறகு பிளப்பதும் கூடா. காலில் குழாய் எடுத்த புண் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மெதுவாகவே ஆறும். ஆகவே நாள்தோறும் காலைக் கழுவித் துடைத்துப் பார்த்தல் வேண்டும். வெறுங்காலோடு நிரையில் நடக்கலாகாது.

ஐந்து: புகை பிடித்தலை அன்றே விட்டொழிக்க வேண்டும். மருத்துவர் சீர்செய்த குழாயை நாமே மீண்டும் அடைக்கலாமா?

செலவும் விடுப்பும்

‘வைத்தியத்திற்குப் போனால் கூலி போய்விடும்’ என்னும் கவலையால் நோயை மறைப்போர் உளர். வேலைச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேரும் தொழிலாளருக்கு, ஆண்டொன்றுக்கு 60 நாள் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு. மருத்துவரின் சான்றிதழைப் பெற்று நிர்வாகத்திடம் கொடுத்துவிட வேண்டும். நோய் காரணமாக இனி வேலை செய்யவே இயலாதவராகிவிட்டால், சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம்; சந்தா செலுத்திய காலம் முதலிய நிபந்தனைகளை அந்த அலுவலகத்தில் கேட்டறிக.

2019-இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டம், அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவச உடற்பரிசோதனை அளிக்கிறது. சிகிச்சைக்குரிய மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவவும் அதில் இடமுண்டு. தமக்கு அது கிட்டுமா என்பதை மருத்துவமனையின் சமூகநல அதிகாரியிடம் நோயாளியோ அவர் பிள்ளைகளோ நேரில் கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

முடிவுரை

நாம் தொடக்கத்தில் கண்ட தொழிலாளருக்கு இனி என்ன சொல்வோம்? ‘அண்ணே, உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்ததும் நல்ல சிகிச்சைதான், உங்களுக்குச் சொன்னதும் நல்ல சிகிச்சைதான். ஆனால் நோய் வேறு, மருந்தும் வேறு. இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புவதைப் பார்க்காதீர்கள். ஐந்தாண்டு கழித்தும் பேரப்பிள்ளைகளோடு இருப்பதைப் பாருங்கள்’ என்பதே நம் சொல்லாக இருக்கும். முடிவு அவருடையது. அம்முடிவு அச்சத்தால் பிறவாமல் அறிவால் பிறக்க வேண்டும் என்பதே நம் அவா.

கலந்துரையாடச் சில வினாக்கள்

1. இனிப்புநீர் உள்ளவருக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வருவது ஏன்?

2. மூன்று குழாய்களில் அடைப்பும் இனிப்புநீரும் உள்ளவருக்கு ஸ்டென்ட்டைவிடப் பைபாஸ் அறுவை நீண்ட ஆயுளைத் தருவதன் காரணத்தை, சாலை உவமையைக் கொண்டு விளக்குக.

3. எந்த வேளையில் அறுவையைப் பற்றி ஆராயாமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும்?

4. ஸ்டென்ட் பதித்தவர் தாமாக மாத்திரையை நிறுத்தினால் நேரக்கூடிய தீங்கு யாது?

5. உங்கள் வீட்டில் நாற்பது வயதைக் கடந்தவர்களுள், இன்னும் சர்க்கரைச் சோதனை செய்துகொள்ளாதவர் எத்தனை பேர்? அவர்களை எந்த நாளில் மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வீர்கள்?